என் தரை, அவருடைய கூரை

மார்ச் 3, திங்கள்

இன்றும் அதே பதில். "வந்துக்கிட்டிருக்கு, மிசஸ் கிளெக்." எது வருகிறது, எங்கிருந்து வருகிறது, நடந்து வருகிறதா தவழ்ந்து வருகிறதா? அதைச் சொல்ல மாட்டார் பெல்லாமி. நான் வாங்கப்போகும் வீட்டின் பத்திர வேலையைப் பார்க்கும் வக்கீல். பார்க்கிறார், பார்க்கிறார், பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

நானும் வேலை பார்க்கிறவள்தான். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பன்னிரண்டு மணிக்குச் சாசேஜும் மசித்த உருளைக்கிழங்கும் தட்டில் இருக்க வேண்டும். 'வந்துக்கிட்டிருக்கு' என்று நான் சொன்னால் தட்டால் அடித்தே கொன்றுவிடுவார்கள்.

இப்போதிருக்கும் வாடகை வீட்டை வீட்டுக்காரர் விற்கிறார். ஜூன் மாதக் கடைசிக்குள் காலி பண்ண வேண்டும். இத்தனை வருடம் பூஞ்சை பிடித்த சுவரோடு மல்லுக்கட்டியதற்கு ஒரு நன்றிகூட இல்லை. ஐம்பத்துநாலு வயதில் எனக்குக் கடன் தர ஒரே ஒரு வங்கிதான் முன்வந்தது. அதுவும் கடைசித் தேதிப் பால் பாக்கெட்டைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு. இந்த வீடு போனால் இன்னொன்று கிடையாது. அவ்வளவுதான் விஷயம்.

விலை பேசியாயிற்று, விற்கிற ஹோல்ராய்ட் கையைக் குலுக்கியாயிற்று, அப்புறம் வீடு என்னுடையதுதானே என்று கேட்டேன்.

"ஒப்பந்தம் ரெண்டு பக்கமும் கைமாறற வரைக்கும் யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவங்க இல்லை" என்றார் பெல்லாமி.

அப்புறம் எதற்குக் கையைக் குலுக்கினோம்? கை சூடாக இருக்கிறதா என்று பார்க்கவா?

மார்ச் 19, புதன்

வில்லங்கம் பார்த்த விவரமெல்லாம் வந்துவிட்டது. என் வீட்டுக்கு அடியில் நிலக்கரிச் சுரங்கம் இல்லையாம். வெள்ளம் வராதாம். அடியில் ஒரு மனிதர் குடியிருக்கிறார், அதுதான் பிரச்சினையாம்.

ஏப்ரல் 4, வெள்ளி

வேலை முடிந்து மீன் வாசனையோடு பெல்லாமியின் அலுவலகத்துக்குப் போனேன். அவர் நாசூக்காக ஜன்னலைத் திறந்தார். லண்டன் பக்கத்து ஆள். எதையும் நேராகச் சொல்லி அறியாதவர்.

எங்கள் யார்க்ஷயர் பள்ளத்தாக்கில் வீடுகள் ஒன்றின் தலையில் ஒன்று உட்கார்ந்திருக்கும். சரிவு அப்படி. கீழ்த்தெருவில் வாசல் வைத்த வீடு ட்ரெவர் சக்டனுடையது. அதன் உச்சியில், மேல்தெருவில் வாசல் வைத்து, நான் வாங்கும் வீடு. இரண்டுக்கும் தனித்தனிச் சொந்தக்காரர்கள். என் தரைதான் அவருடைய கூரை. ஆனால் கூரையில் ஓட்டை விழுந்தால் யார் அடைப்பது, கீழ்ச்சுவர் சரிந்தால் மேலே இருக்கிறவள் யாரைக் கேட்பது — பழைய பத்திரத்தில் ஒரு வரி இல்லை. ஆலைத் தொழிலாளிகளுக்காக இந்த வீடுகளைக் கட்டிய காலத்திலிருந்து ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது வங்கிக்குத் தோன்றிவிட்டது.

"ரெண்டு வழி இருக்கு" என்றார். "மேல் வீட்டுக்காரரும் கீழ் வீட்டுக்காரரும் பேசி, யார் எதுக்குப் பொறுப்புன்னு பத்திரம் எழுதிக்கறது ஒண்ணு. அதுக்கு மாசக்கணக்காகலாம். இன்னொண்ணு காப்பீடு. பின்னால தகராறு வந்தா கம்பெனி பார்த்துக்கும். வங்கிக்கு அது போதும். நாம காப்பீட்டுக்கே போயிடலாம்."

கிளம்பும்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இன்னொன்று சொன்னார். "கீழ் வீட்டுக்காரர்கிட்ட இதைப் பத்திப் பேசாம இருக்கறது, இப்போதைக்கு, ஒருவேளை நல்லதா இருக்குமோன்னு எனக்குத் தோணுது."

தோன்றட்டும். எனக்குக்கூட என்னென்னவோ தோன்றுகிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஹோல்ராய்டின் வக்கீல் ஈஸ்டர் விடுமுறையில் போய்விட்டாராம். ஏசுவே மூன்றாம் நாள் எழுந்து வந்துவிட்டார். இவர் இரண்டு வாரம் கழித்து வருவாராம்.

ஏப்ரல் 24, வியாழன்

ஆத்திரத்தில் எழுத்து கோணலாகப் போகிறது. போகட்டும்.

வீட்டுத் தரகுக் கம்பெனிப் பெண் கூப்பிட்டாள். லீட்ஸிலிருந்து ஒரு தம்பதி வந்து பார்த்தார்களாம். என்னைவிடக் கூடுதலாகத் தருகிறார்களாம். ஹோல்ராய்ட் "யோசிக்கிறாராம்". என்னய்யா யோசனை? என் கையைப் பிடித்துக் குலுக்கினாயே, உன் சமையலறையில், டீ கொடுத்து, பிஸ்கட் கொடுத்து — அப்போது எங்கே போயிற்று இந்த யோசனை?

பெல்லாமிக்குப் போன் போட்டேன். இது சட்டப்படி சரியா?

"துரதிர்ஷ்டவசமா, சரிதான்."

"வெட்கமா இல்லையா இந்தச் சட்டத்துக்கு?"

"அதைப் பத்திச் சட்டத்துல எதுவும் இல்லை, மிசஸ் கிளெக்." கிண்டல் இல்லை. நிஜமாகவே சொன்னார்.

இப்போது யார் முந்துகிறார்களோ அவர்களுக்குத்தான் வீடு. என் பக்கம் எல்லாம் தயார். அந்தக் காப்பீடு மட்டும் இன்னும் யாருடைய மேசையிலோ தூங்குகிறது.

ஏப்ரல் 26, சனி

போதும். நானே போனேன்.

காலையில் பெரிய எனாமல் பாத்திரத்தில் அரிசிப் புட்டிங் செய்தேன். வெள்ளை, நீல விளிம்பு, என்னிடம் இருப்பதிலேயே ஆழமான பாத்திரம். மேலே ஜாதிக்காய், அடுப்பில் வைத்து ஏடு பழுப்பாகிற வரைக்கும். துணி சுற்றி எடுத்துக்கொண்டு, இரு தெருவுக்கும் நடுவே இருக்கிற கல்படியில் இறங்கி, சக்டன் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு கூரை, இரண்டு மனிதர்கள். நேரில் கேட்டால் இரண்டு நிமிடத்தில் முடிகிற விஷயம். இதற்குப் போய் வக்கீல், வங்கி, கம்பெனி.

அறுபதைத் தாண்டியவர். லாரி ஓட்டினவர் என்று கேள்வி. மெலிந்த, உயரமான மனிதர். கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். நான் எல்லாம் சொன்னேன். மேல் வீட்டை வாங்குகிறேன், நடுவில் இருக்கிற கூரைக்கு யார் பொறுப்பு என்று எங்கேயும் எழுதவில்லையாம், நாமே பேசி முடித்துக்கொள்ளலாமா.

நெடுநேரம் மேலே பார்த்தார். "அப்போ என் தலைக்கு மேல இருக்கறதுக்கு இத்தனை நாளா யாருமே பொறுப்பு இல்லை."

"பத்திரத்துல இல்லையாம்."

"ஹோல்ராய்ட் அனுப்பினாரா?"

"இல்லைங்க, நானாத்தான் வந்தேன்."

"ம்." புட்டிங்கை வாங்கிக்கொண்டார். கதவைச் சாத்திக்கொண்டார்.

நன்றிகூடச் சொல்லவில்லை. ஆனாலும் மனசு லேசாக இருக்கிறது. ஒரு வேலையாவது ஆயிற்று.

ஏப்ரல் 28, திங்கள்

ஆயிற்று. நன்றாக ஆயிற்று.

பெல்லாமியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஓ" என்றார்.

"ஓன்னா?"

"மிசஸ் கிளெக், அந்தக் காப்பீட்டுக்கு முக்கியமான நிபந்தனையே அதுதான். கீழ் வீட்டுக்காரர்கிட்ட யாரும் விஷயத்தைப் பேசியிருக்கக் கூடாது. அவர் பாட்டுக்கு இருக்கற வரைக்கும் தகராறு வராதுன்னு நம்பித்தான் கம்பெனி காப்பீடே தருது. இப்போ அவருக்கு யோசனை வந்துடுச்சு. இனிமே தர மாட்டாங்க."

கேட்காமல் இருந்தால் பாதுகாப்பு. கேட்டுவிட்டால் பாதுகாப்பு இல்லை. என்ன நாடு இது? பக்கத்து வீட்டுக்காரனிடம் வாயைத் திறக்காமல் இருப்பதற்குக் காசு கட்டி ரசீது வாங்குகிற நாடு.

"வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா, 'பேசாதே'ன்னு ஏன் சொல்லலை?"

"சொன்னேனே."

"'ஒருவேளை நல்லதா இருக்குமோன்னு தோணுது'ன்னு சொன்னீங்க."

"ஆமா." மெதுவாகச் சொன்னார்: "அதைவிடக் கடுமையா நான் யார்கிட்டயும் பேசினதில்லை."

போனை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக் குளிர்பதன அறைக்குள் போய்க் கத்தினேன். பட்டாணி மூட்டைகளுக்கு மட்டும் கேட்டிருக்கும்.

ஏப்ரல் 29, செவ்வாய்

மறுபடி கூப்பிட்டேன். நான் போகவே இல்லை என்று எழுதிவிடுங்கள், அந்த ஆளும் வாயைத் திறக்கிற ரகமில்லை என்றேன்.

"நீங்க சொன்னதை நான் கேட்டாச்சே" என்றார். "கேக்காத மாதிரி இருக்க எனக்கு வராது. அப்புறம், ஒரு நாள் தரை இறங்கி நீங்க கம்பெனிகிட்டப் போய் நின்னா, அவங்க முதல்ல தட்டப்போறது சக்டன் வீட்டுக் கதவைத்தான்."

அவர் சொல்வது சரி. அதுதான் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

என்னோடு சமையலறையில் நிற்கிற மொய்ரா வயிறு வலிக்கச் சிரித்தாள். "புட்டிங் கொண்டுபோய்க் குடுத்து வீட்டைக் கோட்டை விட்டவ இந்த யார்க்ஷயர்லயே நீ ஒருத்திதான்டி." சிரித்து முடித்துவிட்டு, தன் வீட்டு சோபாவை விரித்தால் கட்டிலாகும் என்று சொன்னாள். நான் தேம்பிவிடுவேனோ என்று பயந்து அவளைத் திட்டிவிட்டேன்.

மே 7, புதன்

லீட்ஸ் தம்பதி போய்விட்டார்கள். அவர்களுடைய வங்கியும் அதே காப்பீட்டைக் கேட்டதாம். யாரோ ஒரு பெண் கீழ் வீட்டில் பேசிவிட்டாள் என்று ஹோல்ராய்டின் வக்கீல் சொல்ல வேண்டியதாகிவிட்டதாம். யாரோ ஒரு பெண். நான்தான்.

ஹோல்ராய்ட் போனில் கத்தினார். "என் வீட்டை உலகத்துல யாருமே வாங்க முடியாதபடி பண்ணிட்டீங்களேம்மா. ஃபைலி கடற்கரையில நான் பார்த்து வச்ச வீடு போகப்போகுது."

"உங்களுக்குப் போகப்போறது கடற்கரை. எனக்குப் போகப்போறது கூரை" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு நிமிடம் குளுகுளுவென்று இருந்தது.

பிறகுதான் உறைத்தது. போட்டிக்கு ஆள் இல்லை, சரி. நானும் வாங்க முடியாதே. மிச்சமிருப்பது முதல் வழி மட்டும். ஹோல்ராய்டும் சக்டனும் ஒரே பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மாசக்கணக்காகும் என்றாரே பெல்லாமி, அந்த வழி.

மே 10, சனி

சக்டன் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு. போன தடவை கொண்டுபோன பாத்திரத்தையே இன்னும் திருப்பித் தரவில்லை.

இந்தத் தடவை உள்ளே விட்டார். முன்னறையில் நிறுத்தி மேலே காட்டினார். சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே பெரிய பழுப்புக் கறை. ஓரமெல்லாம் சுருண்டு, ஓட்ஸ் கஞ்சி பொங்கி வழிந்து காய்ந்த மாதிரி.

"ஒரு கிறிஸ்துமஸ் அன்னிக்கு" என்றார். "வான்கோழியை அறுக்கக் கத்தியை எடுத்தேன். மேலேர்ந்து கொட்டுச்சு. அந்த ஆளோட வாஷிங் மெஷின் தண்ணி. சோப்பு நுரையோட. தங்கச்சி குடும்பம் மொத்தமும் உக்காந்திருக்கு."

"மேல போய்க் கேட்டீங்களா?"

"போனேன். 'தண்ணி வருது'ன்னேன். 'பழைய வீடு, அப்படித்தான்'னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை."

"அப்புறம்?"

"அப்புறமும் ஒண்ணும் சொல்லலை. ஒன்பது வருஷமாச்சு."

ஒரு டப்பா பெயிண்ட் போதுமே, அடித்திருக்கலாமே என்றேன். என்னை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அடிச்சா மறந்துடுவேன்ல."

கையெழுத்துப் போடுவாராம். பொறுப்பைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள அவருக்கு ஆட்சேபணையே இல்லையாம். ஆனால் ஹோல்ராய்ட் கீழே இறங்கி வர வேண்டும். அண்ணாந்து அந்தக் கறையைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் வீடு அந்த ஒரு வார்த்தையில் தொங்குகிறது.

மே 12, திங்கள்

பெல்லாமியைப் பிடித்துக் கேட்டேன். விற்கிறவர் நிரப்பித் தரும் படிவத்தில், அக்கம்பக்கத்தாரோடு தகராறு உண்டா என்ற கேள்விக்கு ஹோல்ராய்ட் 'இல்லை' என்றுதானே பதில் கொடுத்திருக்கிறார், அது பொய் இல்லையா?

"புகார் எதுவும் குடுத்துக்கலையே. சத்தம்கூடப் போட்டுக்கலை. பேச்சுவார்த்தை இல்லாம இருக்கறதை மட்டும் வச்சுத் தகராறுன்னு சொல்றது கஷ்டம்."

"ஒன்பது வருஷமா?"

"பார்க்கப்போனா, ரொம்ப அமைதியான அண்டை வீட்டார்."

நல்லவேளை, போனில் பேசினேன். நேரில் இருந்திருந்தால் கரண்டியை எடுத்திருப்பேன். பிறகு அவராகவே சொன்னார், பத்திரத்தைத் தானே எழுதித் தயாராக வைக்கிறாராம், அதற்குத் தனியாகப் பில் வராதாம். "நான் இன்னும் கொஞ்சம் தெளிவா சொல்லியிருக்கலாமோன்னு தோணுது." அவருடைய பாஷையில் அது காலில் விழுவதற்குச் சமம் என்று இப்போது எனக்குத் தெரியும்.

மே 17, சனி

ஹோல்ராய்ட் மாட்டேன் என்றுவிட்டார்.

"அவர்தான் ஒரு வார்த்தைகூடச் சொல்லலியே. கோபம்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"வான்கோழி மேல சோப்புத் தண்ணி ஊத்தினா யாருக்கும் கோபம் வரும்ங்க."

"குழாயை உடனே நிறுத்தினேனே. அது போதாதா? இந்த வயசுல நான் போய் அந்த ஆள் முன்னால நிக்கணுமா?"

எனக்கு வந்ததே ஆத்திரம். "என் சாப்பாட்டுக் கூடத்துல ஏழு வயசுப் பிள்ளை, அடுத்த பிள்ளை தட்டுல தண்ணியைக் கொட்டினா, தானே எழுந்து போய் மன்னிப்புக் கேக்கும். கேட்டாத்தான் கஸ்டர்ட். நீங்க இன்னும் அந்த வகுப்புக்கே வரலை." டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

வந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது, எனக்கு வீடு விற்கிற மனிதரைத் திட்டிவிட்டு வந்திருக்கிறேன். வாயா இது?

மே 27, செவ்வாய்

அட்டைப்பெட்டிகள். எந்த வீட்டுக்கு என்று தெரியாமல் கட்டிவைக்கிறேன். வீட்டுக்காரர் இன்று அளவு நாடாவோடு வந்து, நான் நின்றுகொண்டிருக்கும்போதே சமையலறையை அளந்தார். என் காலை நகர்த்தச் சொன்னார். நகர்த்தவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

ஹோல்ராய்ட் காலையில் கூப்பிட்டார். "நீங்களும் வாங்க" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. ஃபைலி வீட்டுக்காரர் இன்னொருவருக்கு விற்கப்போவதாக மிரட்டியிருக்கிறார் என்று தரகுப் பெண் சொன்னாள். அதுவும் 'யோசனை'தான் போலிருக்கிறது.

ஹோல்ராய்ட் கோட்டும் டையுமாகக் கல்படியில் இறங்கினார். நான் பின்னால். சக்டன் கதவை முழுக்கத் திறந்தார். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. மூன்று பேரும் மேசையைச் சுற்றி நின்று அண்ணாந்து பார்த்தோம்.

"ஆமா" என்றார் ஹோல்ராய்ட்.

"ம்" என்றார் சக்டன்.

சுவர்க் கடிகாரம் ஓடுகிறது.

"நல்லாவே நனைஞ்சிருக்கு."

"நனைஞ்சுது."

"வான்கோழி வேறயா?"

"பெரிய வான்கோழி."

ஹோல்ராய்ட் தொண்டையைக் கனைத்தார். தொப்பியைக் கழற்றினார். "அது... சரியில்லைதான்."

சக்டன் போய்க் கெண்டியை அடுப்பில் வைத்தார்.

இவ்வளவுதானா? கடவுளே, இவ்வளவேதானா? 'சரியில்லைதான்'! இந்த ஒரு சொல்லுக்காகவா நான் மொய்ராவின் சோபாவுக்குப் போக இருந்தேன்? இரண்டு பேரையும் கழுத்தைப் பிடித்து மண்டைக்கு மண்டை முட்டியிருக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் டீயைக் குடித்தேன். ஹோல்ராய்ட் டீயைப் பாராட்டினார். பத்திரத்தைப் பெல்லாமி அலுவலகத்தில் வைத்து நாளைக்கே கையெழுத்துப் போடுகிறார்களாம்.

பாத்திரத்தைக் கேட்க மறந்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

ஒப்பந்தம் கைமாறியது. இனி யாரும் யோசிக்க முடியாது.

ஜூன் 20, வெள்ளி

சாவி. கதவைத் திறக்க மூன்று தடவை முயன்றேன். வேறு பக்கம் திருப்ப வேண்டுமாம். காலி வீட்டில் தரையில் உட்கார்ந்து மொய்ராவும் நானும் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் சாப்பிட்டோம். நான் அழுததை அவள் யாரிடமாவது சொன்னால் தொலைந்தாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கீழிருந்து பெயிண்ட் வாசம். காலையிலிருந்து. ஒரே தலைவலி.

நவம்பர் 9, ஞாயிறு

குளியல் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டுப் போனை எடுத்தேன். கேஸ் கம்பெனி. எரிக்காத கேஸுக்குப் பில். விடுவேனா? நன்றாகச் சண்டை போட்டு, மேலதிகாரி வரைக்கும் போய், ஜெயித்துவிட்டுத் திரும்பினால் செருப்பு மிதக்கிறது.

என் தரை. அவருடைய கூரை.

குழாயை மூடினேன், தரையைத் துடைக்கக்கூட இல்லை. குளியல் அங்கியோடு கல்படியில் ஓடினேன். அடுத்த தெருவில் நாயோடு போன ஆள் நின்று பார்த்தான். பார்த்துக்கொள்ளட்டும்.

சக்டன் கதவைத் திறந்தார். பின்னால் மேசை, மேசையில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, வாட்டிய மாட்டிறைச்சி, மாவில் சுட்ட யார்க்ஷயர் புட்டிங், கிரேவி. வெள்ளை வெளேரென்று பெயிண்ட் அடித்த கூரையில் புதிதாக ஒரு ஈரம். அதிலிருந்து சொட்டு.

"மன்னிச்சுடுங்க. என் தப்பு. முழுக்க என் தப்பு. குழாயை மூட மறந்துட்டேன். கூரைக்கு நானே பெயிண்ட் அடிச்சுத் தர்றேன்."

அவர் என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "பரவாயில்லை" என்றார்.

அந்த முகம் எனக்குத் தெரியும். அது ஒன்பது வருஷத்துக்குக் கதவைச் சாத்திக்கொள்கிற முகம்.

"பரவாயில்லைன்னு சொல்லாதீங்க. திட்டுங்க."

"அதெல்லாம் வேணாம்மா."

"திட்டுங்க சக்டன். திட்டாம நான் இங்கேர்ந்து நகர மாட்டேன்."

"கொஞ்சம்... கவனமா இருந்திருக்கலாம்."

"இதுக்குப் பேரு திட்டா?"

அவர் காது சிவந்தது. பிறகு வெடித்தார். அறிவிருக்கா உனக்கு, ஒரு குழாயை மூடத் தெரியாதவளுக்கு எதுக்கு வீடு, ஆகஸ்ட் மாசம் ஏணியில நின்னு கழுத்துச் சுளுக்கிக்கிட்டுப் பெயிண்ட் அடிச்சேன், ரெண்டு கோட்டு, எனக்குன்னு மேலே வந்து சேருதுங்க பாரு, முதல்ல அந்தக் கருமிப்பய, இப்போ நீ, எரும மாடு நடக்கற மாதிரி நடக்கற, காலையில அஞ்சு மணிக்குப் பாத்திரத்தை உருட்டற, அந்த ரேடியோவை ஒரு நாள் நொறுக்கப்போறேன். மூச்சு வாங்கியது அவருக்கு. நான் கை கட்டி நின்று அத்தனையும் வாங்கிக்கொண்டேன். ரேடியோ விஷயத்தில் மட்டும் பதில் சொன்னேன், சத்தமாகவே.

கத்தி முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். இன்னொரு தட்டை எடுத்து வைத்தார்.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். சொட்டுக்குக் கீழே வைத்திருந்தது என் எனாமல் பாத்திரம். நீல விளிம்பு.

"அது என்னோடது" என்றேன்.

சொட்டு நிற்கட்டும், தருகிறேன் என்றார்.